கோவலன் போகாத வழி!

பிள்ளைகளே, மதுரைக்குப் போக ஒருவர் உங்களிடம் வழி கேட்டால் என்ன செய்வீர்கள்? "நேராப் போங்க, ஒரு பாலம் வரும், அதுல ஏறாம இடது பக்கம் திரும்புங்க" என்பீர்கள். இல்லாவிட்டால் அப்பாவின் கைப்பேசியை வாங்கி வரைபடத்தைத் திறந்து காட்டிவிடுவீர்கள்.

சிலப்பதிகாரத்தில் ஒருவர் வழி சொல்கிறார். அதைக் கேளுங்கள்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பூம்புகாரில் இருந்து மதுரைக்கு நடந்தே வருகிறார்கள். உறையூரைத் தாண்டி ஒரு சோலையில் இளைப்பாறும்போது, மாங்காடு என்ற ஊரைச் சேர்ந்த ஒரு முதியவரைச் சந்திக்கிறார்கள். கோவலன் அவரிடம் மதுரைக்கு வழி கேட்கிறான். "கொடும்பாளூர்க் குளக்கரைக்குப் போனால், சிவபெருமானின் சூலம் மாதிரி வழி மூன்றாகப் பிரியும்" என்று தொடங்குகிறார் அவர். வலப்பக்கம் போனால் சிறுமலை வரும். இடப்பக்கம் போனால் திருமால் குன்றம் வரும். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது ஊர்களும் சோலைகளும் உள்ள வழி. ஆனால் அந்தக் காட்டில் ஒரு தெய்வம் ஆளை மயக்கும் என்றும் எச்சரிக்கிறார்.

இதில் இடப்பக்கத்து வழியில் வரும் திருமால் குன்றம்தான் நம்முடைய அழகர்மலை!

அங்கே ஒரு குகை உண்டாம். அதற்குள்ளே மூன்று பொய்கைகள் உண்டாம். ஒன்றில் குளித்தால் இந்திரன் செய்த இலக்கண நூல் தெரிந்துவிடும். இன்னொன்றில் குளித்தால் போன பிறவியில் நடந்தது தெரியும். மூன்றாவதில் குளித்தால் நினைத்தது நடக்கும். குகை வாசலில் வரோத்தமை என்ற பெண் நின்று ஒரு கேள்வி கேட்பாளாம். பதில் சொன்னால் கதவைத் திறந்து விடுவாள். சொல்லாவிட்டாலும் துன்பம் ஏதும் செய்யமாட்டாளாம். பதில் தெரியாவிட்டாலும் அடிக்காத டீச்சர்! (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைப் பற்றி ஒரு கதை சொல்லப் போகிறேன்.)

கவுந்தியடிகள் அந்தக் குகையெல்லாம் நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூவரும் நடுவழியில் போய்விட்டார்கள். அந்தக் காட்டுத் தெய்வமும் சொன்னபடியே வந்து, வசந்தமாலை வேடத்தில் கோவலனை மயக்கப் பார்த்தது. அது வேறு கதை.

கோவலன் போகாத அந்த வழியில் நாம் போய்ப் பார்ப்போமா?

மலை தெரிகிறதா?

மதுரையில் இருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர். புதூர், கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி என்று பேருந்து போய்க்கொண்டே இருக்கும். வலது பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிப் படுத்திருப்பது போல ஒரு மலை தெரியும். அதுதான் யானைமலை. முழு மலையும் ஒரே பாறை மாதிரி இருக்கும். மரமே இல்லாத வழுக்கைத் தலை!

கள்ளந்திரியில் ஒரு பெரிய கால்வாயைத் தாண்டுவோம். பெரியாறு கால்வாய். அதில் ஓடுவது இந்த ஊர்த் தண்ணீரே இல்லை, தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தப் பக்கமாக, கேரளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மடக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்த அணை 1895-ல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வைகையோடு சேர்ந்து, கால்வாயில் ஏறி, மேலூர் வயல்கள் வரை போகிறது.

கால்வாயைத் தாண்டினால் முன்னால் பச்சையாக நீண்டு படுத்திருப்பதுதான் அழகர்மலை. யானைமலையையும் இதையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது உங்களுக்கே ஒரு கேள்வி வரும். ஒன்று மொட்டைப் பாறை, இன்னொன்று அடர்ந்த காடு. ஏன்? விடை மண்ணில் இருக்கிறது. யானைமலையில் மண் தங்குவதற்கு இடம் இல்லை. பெய்த மழை வழித்துக்கொண்டு ஓடிவிடும். அழகர்மலையில் பாறை வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் மண் தங்கி, அதில் மரம் பிடித்து, மரம் உதிர்த்த இலை மக்கி மறுபடியும் மண்ணாகி இருக்கிறது. ஒரு சாண் மண் சேர எத்தனை தலைமுறை ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நம் தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் முன்னால் தொடங்கிய வேலை அது.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான மலை அல்ல இது. கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை போல நீண்ட சுவராக நிற்காது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். அப்படிச் சிதறிய துண்டுகளில் தெற்கே உள்ள ஒன்று நம் அழகர்மலை.

அடிவாரத்தில் கள்ளழகர் கோவில். அதைச் சுற்றிப் பழைய கோட்டை மதில். பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதியின் பெரிய கதவுகள். இவற்றை எல்லாம் பெரியவர்களோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். அதனால் நாம் மலைக்கு ஏறிவிடுவோம்.

வளைவில் நின்று பாருங்கள்

கோவிலுக்குப் பக்கத்தில் இருந்து மலைப்பாதை தொடங்குகிறது. வண்டியில் போனால் ஐந்தாறு வளைவு எண்ணுவதற்குள் பழமுதிர்சோலை வந்துவிடும். முருகனின் அறுபடை வீடுகளில் ஆறாவது வீடு. ஔவைப் பாட்டியிடம் மாடு மேய்க்கும் சிறுவன், சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதையை இந்த இடத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். நாவல் மரத்தையும் காட்டுவார்கள். மண் ஒட்டிய நாவல் பழத்தை எடுத்து ஊதிப் பார்த்த யாரும் அந்தக் கதையை மறக்கமாட்டார்கள்.

முடிந்தால் ஒருமுறையாவது நடந்து ஏறுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் தொடங்க வேண்டும். பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். சாலையை விட்டு இறங்கக் கூடாது. இது வனத்துறையின் காடு. காட்டுமாடுகள் நடமாடுகிற இடம். மாலையில் இருட்டுவதற்கு முன்பே கீழே இறங்கிவிட வேண்டும்.

நடந்தால்தான் மலை தன்னைக் காட்டும். முதல் வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் கோபுரம் உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கோபுரம்! இன்னும் இரண்டு வளைவு ஏறுங்கள். கோபுரம் கொலுப் பொம்மை ஆகிவிடும். மதில், மண்டபம், தோப்பு எல்லாம் தரையில் வரைந்த படம் போலக் கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே அந்த யானை மறுபடியும் தெரியும். இப்போது அது குட்டி யானை.

பிறகு கண்மாய்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து போனால், வயல்களுக்கு நடுவே உடைந்த கண்ணாடித் துண்டுகளை இறைத்தது போல அவை மின்னும். சித்திரையில் போனால் அதே இடத்தில் பழுப்பு நிறத் திட்டுகள்தான் தெரியும். இரண்டு காலத்திலும் போய்ப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தவர் பாதி மலையைத்தான் பார்த்தவர் என்பது என் கருத்து.

இந்தக் கண்மாய்களைப் பற்றித்தான் எனக்கு ஒரு மாணவன் பாடம் நடத்தினான். இப்போது அந்தக் கதை.

ஒரு தூக்குவாளி போன கதை

1993-ஆம் ஆண்டு. நான் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். அவர்களை அழகர்மலைக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிப் போனேன். துணைக்கு இன்னொரு ஆசிரியை வந்தார். காலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் வரிசையாக நிற்க வைத்து எண்ணினேன். முப்பத்து நான்கு. கோவிலை விட்டுக் கிளம்பும்போது எண்ணினேன். முப்பத்து நான்கு. பழமுதிர்சோலையில் எண்ணினேன். சரியாக இருந்தது.

மத்தியானம் மேலே ஒரு மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லார் வீட்டிலும் புளிச்சோறுதான். அப்போது மரத்தில் இருந்து ஒரு குரங்குக் கூட்டம் இறங்கியது. ஒரு கடுவன் குரங்கு, ஒரு பையனுடைய தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஒரே கூச்சல், சிரிப்பு, அழுகை. நானும் குச்சியை ஓங்கிக்கொண்டு நாலு குரங்கை விரட்டினேன். எல்லாம் அடங்கியதும், "சரி, கிளம்புங்க" என்று நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு எண்ணவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிறுமி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "சார், தூக்குவாளிக்காரனைக் காணோம் சார்" என்றாள். எண்ணினேன். முப்பத்து மூன்று. மறுபடியும் எண்ணினேன். முப்பத்து மூன்றுதான்.

பிள்ளைகளே, அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. வயிற்றுக்குள் பாறாங்கல் விழுந்தது போல இருந்தது. மற்றவர்களை ஆசிரியையிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். மலை என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தது. சாப்பிட்ட இடத்தில் அவன் இல்லை. அப்போதெல்லாம் கையில் போன் கிடையாது. அவன் அம்மா காலையில் பள்ளி வாசலில் நின்று, "சார், பார்த்துக்கங்க சார்" என்று சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருபது நிமிடம் இருக்கும். புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை நீட்டிக்கொண்டு இருந்தது. அதன் மேல் அவன் நின்றுகொண்டிருந்தான். நசுங்கிய தூக்குவாளி கையில். அதற்கு அப்பால் பள்ளம். நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுக் கால் வழுக்கிவிடுவான் என்று பயம். மெதுவாகப் பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். இழுத்த வேகத்திலேயே முதுகில் ஒரு அடியும் வைத்துவிட்டேன்.

அவன் அழவில்லை. கையை நீட்டி, "சார், அந்தா பாருங்க. எங்க ஊருக் கம்மா!" என்றான்.

பார்த்தேன். தூரத்தில் வரிசையாக நாலைந்து கண்மாய்கள். அவற்றில் ஒன்றின் கரையில் இரண்டு பனைமரங்கள் ஜோடியாக நின்றன. அவன் சொன்னது சரிதான். அவர்கள் ஊர்க் கண்மாய்தான்.

"சார், அதுக்கு மேல இன்னொரு கம்மா இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. எல்லாம் இந்த மலையப் பார்த்து வருது சார். எங்க கம்மாத் தண்ணி இங்கிட்டு இருந்தா வருது?"

அதுவரை நானும் கண்மாய்ப் பாடம் நடத்தியிருக்கிறேன். கரை, மடை, கலுங்கு என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஆனால் மலையின் தண்ணீர் ஓடையாக இறங்கி, வரத்துக்கால் வழியாக முதல் கண்மாயில் விழுந்து, அது நிரம்பியதும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், அங்கிருந்து அதற்கு அடுத்ததற்குப் போகும் அந்தச் சங்கிலியை ஒரே பார்வையில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். பார்க்க வைத்தவனை அடித்துவிட்டேன். வரோத்தமை இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டாள்.

திரும்பி வரும்போது அவன் கையை நான் விடவில்லை. அவன்தான் இரண்டு மூன்று முறை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

காய்ந்த மலையில் ஊறும் நீர்

பழமுதிர்சோலைக்கும் மேலே ஏறினால் ராக்காயி அம்மன் கோவில். அங்கே தான் நூபுர கங்கை. தமிழில் அழகான பெயர், சிலம்பாறு. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் ஒன்றுதான். திருமால் உலகை அளக்கக் காலைத் தூக்கியபோது, அவர் காலில் இருந்த சிலம்பில் இருந்து பெருகிய நீர் இது என்பது புராணக் கதை. சங்க இலக்கியமான பரிபாடலிலேயே சிலம்பாறு என்ற பெயர் வருகிறது. அத்தனை பழைய பெயர்!

பாறைக்குள் இருந்து வரும் நீர் மாதவி மண்டபத்தில் விழுகிறது. கோடையிலும் வற்றாது. கள்ளழகருக்குத் திருமஞ்சனம் செய்ய இந்தத் தண்ணீர்தான். வேறு தண்ணீரில் நீராட்டினால் அழகரின் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை.

மலையின் உச்சியில் யார் குழாய் போட்டது? மேலே பெரிய ஏரியும் இல்லை. பிறகு எப்படி வற்றாமல் வருகிறது?

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு பழைய தாம்பாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மண்ணை நிரப்புங்கள். ஒன்றை வெறும் மண்ணாக விட்டுவிடுங்கள். இன்னொன்றில் காய்ந்த சருகுகளைத் தடிமனாகப் பரப்புங்கள். இரண்டையும் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, கீழ்ப்பக்கம் ஆளுக்கொரு கிண்ணம் வையுங்கள். பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் மண்ணில் இருந்து செம்மண் குழம்பு உடனே கிண்ணத்துக்கு ஓடிவரும். சருகுத் தட்டில் இருந்து தண்ணீர் மெதுவாகவும் தெளிவாகவும் சொட்டும். நீங்கள் ஊற்றி முடித்து, கை கழுவிவிட்டு வந்த பிறகும் சொட்டிக்கொண்டு இருக்கும். (சோதனையை முற்றத்தில் செய்யுங்கள். அம்மாவிடம் திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல!)

அழகர்மலையில் நடப்பதும் இதுதான். மழைநீரைச் சருகும் வேரும் பிடித்து வைக்கின்றன. அது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, மாதக்கணக்கில் கசிந்து வருகிறது. இன்று நீங்கள் கையில் பிடிக்கும் தண்ணீர் எந்த மழையில் பெய்ததோ!

அதனால்தான் கோடையில் காட்டுத் தீ என்று கேட்டாலே எனக்குப் பதறும். மரம் மட்டும் எரிவதில்லை. அந்தச் சருகுப் போர்வை எரிந்துபோகும். அடுத்த மழை வெறும் மண் தட்டில் பெய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பையனின் தூக்குவாளியைப் பறித்த குரங்கைத் திட்டினேன் அல்லவா? உண்மையில் குரங்கின் மேல் குற்றம் இல்லை. நாட்டுக் குரங்குக்குக் காட்டிலேயே பழம், கொழுந்து, பூச்சி என்று நிறைய உணவு உண்டு. வருகிறவர்கள் எல்லாம் முறுக்கும் பிஸ்கட்டும் கொடுத்து, மனிதன் கையில் இருப்பது நமக்குத்தான் என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை பழகிவிட்டால் அது கேட்காது, பிடுங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் புதர் ஓரங்களில் பிளாஸ்டிக் பைகளைப் பார்த்திருக்கிறேன். உப்பு வாசனைக்காக விலங்குகள் அதையும் தின்னும். பைக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

உப்பு வணிகர் எழுதிய பெயர்

மலையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அழகர்கோவிலில் இருந்து மேலூர் போகும் வழியில் கிடாரிப்பட்டி என்ற ஊர். அங்கே மலைச்சரிவில் ஒரு பெரிய குகைத்தளம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். நம் ஊர்களில் பழைய குகை எதுவானாலும் பாண்டவர்கள் வந்து படுத்துவிடுவார்கள்! உண்மையில் அவை சமணத் துறவிகளுக்காக வெட்டிக் கொடுத்த கல் படுக்கைகள். தலை வைக்கும் இடம் சற்று உயரமாக, தலையணை போல இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் பாறையைக் காடியாக வெட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே சுனை.

அந்தப் பாறையில் சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் எழுத்துகள் உள்ளன. தமிழ் பிராமி என்று சொல்வார்கள். குகையை அமைக்கப் பொருள் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. அரசர்களின் பெயர்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. மதுரையைச் சேர்ந்த பொன் கொல்லர், உப்பு வணிகர், துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர்! ஐராவதம் மகாதேவன் என்ற அறிஞர் இந்த எழுத்துகளை எல்லாம் மலை மலையாகப் போய்ப் படித்து, 2003-ல் பெரிய நூலாக வெளியிட்டார். கடைவீதியில் உப்பு விற்ற ஒருவருடைய பெயர் ஈராயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது. அதன் பக்கத்தில் ஆணியால் தங்கள் பெயரைக் கிறுக்கி வைக்கிறவர்களை என்ன சொல்வது? அந்த உப்பு வணிகர் துறவிக்குப் படுக்கை செய்து கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார். நீ என்ன செய்து கொடுத்தாய் தம்பி என்று கேட்கத் தோன்றும்.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? குகை வேண்டாம் என்று நடுவழியில் போன கவுந்தியடிகள் ஒரு சமணத் துறவி. இந்த வழியில் வந்திருந்தால் அவருக்குத் தங்குவதற்குக் கல் படுக்கையே கிடைத்திருக்கும்!

இதே பக்கத்தில்தான் அரிட்டாபட்டி. மலைகளும் சுனைகளும் கண்மாய்களும் சேர்ந்த ஊர். கழிஞ்சமலையில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோவில் உண்டு. இங்கே சுமார் 250 வகைப் பறவைகளைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. எறும்புதின்னியும் தேவாங்கும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது.

சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. இந்தப் பகுதியை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசின் ஏலம் முடிந்துவிட்டது என்று. டங்ஸ்டன் தெரியுமா? பழைய குண்டு பல்பில் ஒளிர்கிற மெல்லிய கம்பி. உலோகங்களில் மிக அதிக வெப்பத்தில் உருகுவது அதுதான், 3,422 டிகிரி செல்சியஸ்! பாறையைத் துளைக்கும் கருவிகளுக்கும் அது வேண்டும். தேவையான உலோகம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் மலையைத் தோண்டி எடுத்த பிறகு சருகுத் தட்டை யார் திருப்பிப் பரப்புவார்கள்?

ஊர்கள் எல்லாம் எழுந்தன. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் எல்லாரும். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

அந்த ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்குள் நடுத்தர வயதில் ஒருவரைக் காட்டினார்கள். அந்தப் பையன் மாதிரியே இருந்தார். இப்போது அவனுக்கு நாற்பது தாண்டியிருக்கும். அவனேதான் என்று சொல்ல முடியாது. அடையாளம் பார்ப்பதற்குள் படம் மாறிவிட்டது.

போன மாதம் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். முழங்கால் வலியால் மேலே போக வண்டி, கீழே வர வண்டி. ஒரு வளைவில் மட்டும் ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிக் கண்மாய்களைக் காட்டினேன். "எந்தக் கண்மாய் தாத்தா?" என்றாள். இரட்டைப் பனையைத் தேடினேன். ஒரு பனைதான் இருந்தது. அல்லது என் கண் அவ்வளவுதானோ என்னவோ.

கீழே வந்து கோவிலில் தோசைப் பிரசாதம் வாங்கினோம். அழகர்கோவில் தோசை வீட்டுத் தோசை மாதிரி இருக்காது. தடிமனாக, உளுந்தும் மிளகும் மணக்க, நெய்யில் வெந்திருக்கும். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். மதுரைப் பேருந்து வந்தது. ஏறுவதற்கு முன் பழக்கதோஷத்தில் என் வாய் எண்ணத் தொடங்கிவிட்டது.

"தாத்தா, நாம ரெண்டே பேருதான். எதுக்கு எண்ணுறீங்க?" என்றாள் பேத்தி.

"இரும்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை எண்ணினேன்.